அலுவலகமும் ஒரு நாட் பேரும்

நகரத்தின் நடுவே நெடுங்காலம் இயங்கிவந்த அரசாங்க அலுவலகங்களை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றிய பேச்சு எழுந்தால், நகரசபைகளில் இரண்டு வாதங்கள் தவறாது ஒலிக்கும். வீதி நெரிசல் குறையும் என்பர் ஒரு சாரார். கடைத்தெரு வெறிச்சோடிப் போகும் என்பர் மறு சாரார். கொழும்புக் கோட்டையும் இதற்கு விலக்கன்று. காலிமுகத்திடலின் அருகிலிருந்த நாடாளுமன்றம் 1982 ஏப்ரல் 29ஆம் நாள் தியவன்னா ஓயாக் கரைக்குச் சென்றது. பின்னர் அமைச்சுக்களும் திணைக்களங்களும் பலவாகப் பத்தரமுல்லையில் செத்சிறிபாய, இசுறுபாய ஆகிய மாளிகைகளில் குடியேறின. சென்னையிலோ 2010இல் ஓமந்தூரார் தோட்டத்துக்குப் போன தலைமைச் செயலகம், 2011இல் ஆட்சி மாறியதும் பழைய கோட்டைக்கே திரும்பிவிட்டது. அதற்கென எழுப்பிய கட்டடம் பின்னர் மருத்துவமனையாயிற்று. நோயாளிகளுக்கேனும் அது பயன்பட்டது நன்றே.

இவ்வாதங்களில் பெரும்பாலும் இடம்பெறாத ஒருவர் உண்டு. அலுவலகத்தைத் தேடி வருபவரே அவர். மலைநாட்டில் அவருடைய கணக்கு வேறு வகையானது. வேலைக்கு வந்த நாளைச் செக்ரோலில் பதிவதைத் தோட்டத்தில் 'பேர்' என்பர். பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றுக்காகக் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பிரதேச செயலகத்துக்குப் புறப்பட்டால், அன்றைய பேர் போயிற்று. உத்தியோகத்தர் வெளிக்களக் கடமைக்குச் சென்றிருந்தால் மற்றுமொரு பேரும் போகும். பேருந்துக் கட்டணம் தனி.

நுவரெலியா மாவட்டத்தில் இத்துயரம் மிகுதி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். அவர்களுக்கு இருந்தவை ஐந்தே பிரதேச செயலகங்கள். அவற்றுள்ளும் நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரண்டு பிரிவுகளில் மட்டும் தலைக்கு இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். தேயிலைத் தோட்டங்கள் நெருங்கிய பிரிவுகளும் இவையே. அம்பகமுவச் செயலகம் அமைந்திருப்பதோ கினிகத்தேனையில். மஸ்கெலியாவின் மேற்கணக்குத் தோட்டத்திலிருந்து ஒருவர் அங்கு செல்ல, நோர்வூட், டிக்கோயா, ஹட்டன் எனக் கடந்து வளைந்து இறங்கவேண்டும்.

வேறு மக்களைக் காட்டிலும் இம்மக்களுக்குக் காகிதம் உயிரானது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோர் ஆக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் குறை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தாத்தாவின் பதிவுத் துண்டைத் தகரப் பெட்டியில் பேணிவைக்கும் வழக்கம் லயங்களில் காரணமின்றி வந்ததன்று.

அலுவலகம் மக்களை நோக்கி நகரத் தொடங்கியது அண்மையிலேதான். நுவரெலியா, அம்பகமுவ என்ற இரு பிரதேச சபைகள் ஆறாகப் பிரிந்தன; கொட்டகலை, அக்கரப்பத்தனை, மஸ்கெலியா, நோர்வூட் ஆகியன புதிதாகத் தோன்றின. 2018 பெப்ரவரித் தேர்தலில் அவற்றுக்கு உறுப்பினர்கள் தெரிவாயினர். அதே ஆண்டில் மற்றொரு தடையும் நீங்கியது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவினால் தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட இயலாதிருந்தது. வரிசை வீடுகளின் வாசலுக்குப் பாதை போடவும் வழியில்லை. வாக்குக் கேட்கத் தோட்டத்துக்குள் செல்லலாம், கல் கொண்டு செல்லலாகாது என்ற அந்த விசித்திர நிலை திருத்தச் சட்டத்தால் ஒழிந்தது.

செயலகங்களின் கதை இவ்வளவு எளிதன்று. ஐந்தைப் பத்தாக்கும் முடிவு 2019இல் வர்த்தமானியில் வெளியாயிற்று. தலவாக்கலையும் நோர்வூட்டும் அவற்றுள் அடங்கும். ஆனால், முழுச் செயலகம் வேறு, உப அலுவலகம் வேறு. உப அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். ஒப்பமிடும் அதிகாரியும் மூலப் பதிவேடும் பழைய இடத்திலேயே இருந்தால், தாளோடு ஆளும் மறுபடி பேருந்தேற நேரும். ஆகவே புதிய பெயர்ப்பலகையைக் காணும் தோட்ட மக்கள் முதலில் கேட்பது கட்டடத்தின் அழகைப் பற்றியன்று. பதிவேடு வந்துவிட்டதா, தமிழில் எழுதித் தருவார்களா, ஒரே நாளில் முடியுமா என்றே கேட்கின்றனர்.