வரதய்யபாளையத்துக்கு எண் இல்லை

நிலையான வளர்ச்சி இலக்குகளுக்கான 2030 கெடு நெருங்கும் வேளையில், மாதிரிப் பதிவு முறையின் 2018–20 அறிக்கை பேறுகால இறப்பு விகிதத்தை ஆந்திரத்துக்கு 45 என்றும் தமிழ்நாட்டுக்கு 54 என்றும் தருவதைக் கண்டு, ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தின் எல்லையோர மண்டலமான வரதய்யபாளையத்தின் எண் என்னவென்று வாசகர் கடிதங்கள் கேட்கின்றன. அப்படியோர் எண் அந்த அறிக்கையில் இல்லை. லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 70க்குக் கீழ் என்ற இலக்கை எட்டிவிட்டதாக அரசுகள் மார்தட்டுவது பொய்யல்ல என்றாலும், அது மாநிலச் சராசரியைப் பற்றிய பேச்சு மட்டுமே.

மாதிரிப் பதிவு முறை என்பது நாடெங்கும் தேர்ந்தெடுத்த சுமார் 8,800 பகுதிகளில் மட்டும் பிறப்பு இறப்புகளைத் தொடர்ந்து பதிந்து, மாநில நிலவரத்தைக் கணிப்பது. பேறுகால இறப்பு அரிது என்பதால், மூன்றாண்டுக் கணக்கைச் சேர்த்த பின்பும் பிழைவரம்பு, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, அகலமாகவே நிற்கிறது. 45, 54 என்பவற்றைக் கொண்டு இரு மாநிலங்களுக்குப் பந்தயம் வைப்பது வீண். ஆண்டுக்கு 700 பிரசவம் நடக்கும் ஒரு மண்டலத்தைக் கற்பனை செய்தால், ஒரே ஆண்டில் இரு தாய்மார் இறக்கும்போது விகிதம் 285ஐத் தாண்டும். மறு ஆண்டில் ஒருவரும் இறக்காவிட்டால் சுழியாகிவிடும். ஆகவே சிற்றூர்களுக்குத் தேவை விகிதமல்ல, ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே விசாரிப்பது.

சிக்கல் அங்கேதான். வரதய்யபாளையத்திலிருந்து தலைப்பிரசவத்துக்குத் தமிழ்நாட்டின் ஊத்துக்கோட்டைப் பக்கத்துத் தாய்வீட்டுக்குச் சென்ற பெண், உதிரப்போக்கு நிற்காமல் சென்னைக்கு அனுப்பப்பட்டு அங்கே இறந்தால், 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி இறப்பு சென்னையில்தான் பதிவாகும்; அவர் வாழ்ந்த ஊரின் ஆஷா என்னும் சுகாதாரப் பணியாளருக்குத் தகவல் எல்லை தாண்டி வராவிட்டால், ரத்தசோகை முன்பே கண்டறியப்பட்டதா, வண்டி தாமதித்ததா என்று கேட்பார் எவருமில்லை.

வாசகரின் பிற கேள்விகளுக்குப் பதில்: கர்ப்பகாலத்திலும் கர்ப்பம் முடிந்து 42 நாள் வரையிலும் நேரும் மரணமே கணக்கு, சாலை விபத்து சேராது, உலகச் சுகாதார நிறுவனத்தின் 2012 வழிகாட்டுதல்படி தற்கொலை சேரும். மாதிரிப் பதிவு முறையின் அதே 2018–20 அறிக்கையில் கேரளம் 19, அசாம் 195.

பேறுகால மரணம் பற்றிய விசாரணைக்கு வருவோரிடம் குடும்பத்தார் தாய்வீட்டு முகவரியோடு நிறுத்தாமல், இறந்தவர் வழக்கமாக வசித்த ஊரையும் தவறாமல் சொல்ல வேண்டும்.