மேக் கணினியில் விண்டோஸ் மென்பொருள்

விஞ்ஞானம் வளர்ந்துவிட்ட இக்காலத்தில் கணினி இல்லாத வீடுகள் குறைவு. ஆனால் எல்லாக் கணினிகளும் ஒரே மொழி பேசுவதில்லை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை, மகளின் படிப்புக்கென்று ஒரு மேக் கணினி வாங்கினார். பழைய கணினி பழுதானபோது, கடைக் கணக்கு எழுதும் விண்டோஸ் மென்பொருளைப் புதியதில் திறக்க முயன்றார். அது திறக்கவில்லை. இரண்டாண்டுக் கணக்கும் உள்ளே பூட்டிக் கிடந்தது! காரணம் என்னவென்று நாங்கள் ஆராயத் தொடங்கினோம்.

காரணங்கள் இரண்டு. கோப்பைத் திறக்கவும் திரையில் படம் வரையவும் மென்பொருள் இயங்குதளத்தின் உதவியைக் கேட்கிறது. விண்டோஸ் மென்பொருள் கேட்பது மேக்குக்குப் புரியாது. அடுத்து, கணினியின் மூளையாகிய செயலிக்கும் தனி மொழி உண்டு. மேக்கில் 2006-ம் ஆண்டு இன்டெல் செயலியும், 2020-ம் ஆண்டு ஆப்பிளின் சொந்தச் செயலியான எம்1-ம் வந்தன. விண்டோஸ் மென்பொருள்களோ பெரும்பாலும் இன்டெல் வகைச் செயலிக்கென்றே அமைந்தவை.

இத்தடையைத் தாண்ட மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வீட்டையே விருந்தாளியிடம் ஒப்படைப்பது. 2006-ம் ஆண்டு ஆப்பிள் வெளியிட்ட பூட் கேம்ப், கணினியைத் தொடங்கும்போதே மேக் அல்லது விண்டோஸைத் தேர்ந்துகொள்ள உதவியது. வேகம் குறையாது. ஆனால் ஆப்பிள் செயலி உள்ள மேக்கில் இவ்வழி இல்லை.

இரண்டாவது, விருந்தாளிக்கு ஓர் அறை கொடுப்பது. பேரலல்ஸ் போன்ற மென்பொருள் மேக்குக்குள்ளேயே ஒரு கற்பனைக் கணினியை அமைத்து, அதில் விண்டோஸை இயக்குகிறது. நினைவகத்தை இருவரும் பங்கிடுவதால் வேகம் சற்றுக் குறையும். விண்டோஸுக்கு முறையான உரிமமும் வேண்டும். கள்ளப் பிரதி எடுப்பது திருட்டே அல்லவா?

மூன்றாவது, மொழிபெயர்ப்பாளரை அமர்த்துவது. தியானம் கொடுக்க வேற்றுமொழிக் குருவானவர் வந்தால், சகோதரி ஒருவர் அருகில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்வதில்லையா? அதுபோன்றதே 'வைன்'. விண்டோஸ் மென்பொருள் கேட்பதை அது மேக் அறிந்த சொற்களாக மாற்றுகிறது. விண்டோஸே தேவையில்லை, வைனும் இலவசம். செயலியின் மொழியை, 2020-ம் ஆண்டு ஆப்பிள் தந்த ரொசெட்டா 2 மாற்றுகிறது.

விளையாட்டுகளுக்கு இது போதாது. அவற்றின் படங்கள் பெரும்பாலும் டைரக்ட்எக்ஸ் என்னும் முறையில் வரையப்படுபவை. மேக்கின் முறையோ மெட்டல். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவியை ஆப்பிள் 2023-ம் ஆண்டு வெளியிட்டது. ஆயினும், பலர் கூடி ஆடும் சில விளையாட்டுகளின் காவல் நிரல், இந்த மொழிபெயர்ப்பாளரைத் திருடன் என்று எண்ணி உள்ளே விடுவதில்லை!

எனவே பெற்றோரே, மேக் வாங்குமுன் அதன் செயலி எதுவென்று பாருங்கள். தேவையான மென்பொருளுக்கு மேக் பதிப்பு உண்டா என்று கேளுங்கள். கணக்குகளுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

தோழியின் வீட்டில் வைன் கைகொடுத்தது. கணக்குப் பக்கம் திரையில் விரிந்ததும் அவள் தந்தையின் முகம் மலர்ந்தது. 1993-ம் ஆண்டு லினக்ஸுக்காகத் தொடங்கிய வைனின் 1.0 பதிப்பு வெளிவர 15 ஆண்டுகள் ஆயின. முகமறியாத எத்தனையோ தன்னார்வலர்கள் அதற்காகப் பொறுமையோடு உழைத்தார்கள். பிறர் மொழியைப் புரியவைப்பதும் ஒரு சேவையே என்பதை நாங்கள் அன்று உணர்ந்தோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி