மின்னஞ்சலுக்கும் பட்டப்பேர் உண்டு!



"மூட்டக்காரர் வீடு, நரிக்குடி" என்று மட்டும் எழுதிக் கடிதம் போட்டாலும் எங்க தெருவுக்கு வந்து சேர்ந்துரும். ஏன்னா, எந்தப் பட்டப்பேர் யாருக்குன்னு தபால்காரருக்கு அத்துபடி. மின்னஞ்சலிலும் இப்படிப் பட்டப்பேர் உண்டு. அதற்கு "அலையஸ்" என்று பெயர். நாம் மாற்றுப்பெயர் என்று சொல்லலாம்.

அது எப்படி வேலை செய்கிறது? மின்னஞ்சலை வாங்கும் கணினியில் ஒரு பட்டியல் இருக்கும். இடப்பக்கம் மாற்றுப்பெயர், வலப்பக்கம் உண்மையான முகவரி. "தலைமையாசிரியர்" என்ற பெயருக்குக் கடிதம் வந்தால், கணினி பட்டியலைப் பார்த்து அப்போது அந்தப் பதவியில் இருப்பவரின் பெட்டியில் போட்டுவிடும். "ஒன்பதாம் வகுப்பு" என்ற பெயருக்கு நேராக நாற்பது முகவரி எழுதினால், ஒரே கடிதம் நாற்பது பேருக்கும் போகும்!

முதலில் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனிப் பட்டியல் இருந்தது. ஐம்பது கணினி இருந்தால் ஐம்பதிலும் திருத்தணும். அதனால் சன் என்ற அமெரிக்க நிறுவனம், பட்டியலை ஒரே இடத்தில் வைத்து எல்லாக் கணினியும் அதைக் கேட்டுக்கொள்ளும்படி செய்தது. அதன் பெயர் "நிஸ்", பிறகு வந்தது "நிஸ் பிளஸ்". அதில் மாற்றுப்பெயர்களைக் கவனிக்க "அலையஸ்ஆட்ம்" என்று ஒரு கட்டளை. மௌஸ் வேண்டாம், தட்டச்சு செய்தால் போதும். கூடவே 'ஏ' என்ற எழுத்தைப் போட்டால் சேர்க்கும், 'சி' மாற்றும், 'டி' நீக்கும், 'எல்' முழுப் பட்டியலையும் காட்டும். 2011-ல் வந்த சோலாரிஸ் 11-ல் நிஸ் பிளஸ் இல்லை. இப்போது இந்த வேலையை "எல்டாப்" போன்ற முறைகள் செய்கின்றன.

ஒரு எச்சரிக்கை! அ-வுக்கு வந்ததை ஆ-வுக்கு அனுப்பு, ஆ-வுக்கு வந்ததை அ-வுக்கு அனுப்பு என்று எழுதிவிட்டால் கடிதம் செக்குமாடு மாதிரி சுத்தி, யாருக்கும் போய்ச் சேராது.

இன்னொரு சுவையான செய்தி. மின்னஞ்சல் வாங்கும் எந்த நிறுவனமும் "போஸ்ட்மாஸ்டர்" என்ற பெயருக்கு வரும் கடிதத்தைக் கட்டாயம் வாங்கணும். இது உலக விதி. ஆள் யாராக இருந்தாலும் அந்தப் பெயர் இருக்கும்.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா? வேறு ஊரில் படிக்கும் என் சித்தி மகள், என்.எம்.எம்.எஸ். தேர்வில் பாஸ் பண்ணினாள். வருசத்துக்கு 12,000 ரூபாய். அவள் விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லி வந்த மின்னஞ்சல், ஓய்வு பெற்றுப் போன ஒரு சாரின் சொந்த முகவரிக்குப் போய்விட்டது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. தேதி முடிந்தது, அந்த வருசப் பணமும் போச்சு. சித்தி கரிமூட்டத்தில் கூலிவேலை பார்க்கிறவங்க. சார் மேலே தப்பில்லை. முகவரி ஆளின் பெயரில் இருந்ததுதான் தப்பு.

ஆள் மாறுவார், பதவி மாறாது. அதனால் நம்ம பள்ளி விண்ணப்பங்களிலும் பதவிப் பெயரில் உள்ள முகவரியையே எழுதுவோம். சார் மாறினால் பட்டியலில் ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதுமே!



— ஒன்பதாம் வகுப்பு மாணவி