விராலுக்கு யார் பெயர் வைத்தது?

நாளிதழில் அவ்வப்போது ஒரு துணுக்குச் செய்தி வரும். மேகாலயக் குகையில் புதிய உயிரினம், மேற்குத் தொடர்ச்சி மலையில் புதிய வண்டு. படித்ததும் நம் மனதில் ஒரு படம் ஓடும். நெற்றியில் விளக்கு கட்டிய ஒருவர் இருட்டுக்குள் தவழ்ந்து போகிறார், ஒரு கல்லைப் புரட்டுகிறார், யாரும் பார்த்திராத பூச்சி ஒன்று அங்கே இருக்கிறது, கண்டுபிடித்துவிட்டார். இந்தப் படத்தில் பாதி சரி. விட்டுப்போன மற்ற பாதியை டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

குகை வண்டிலிருந்தே தொடங்கலாம். இன்றைய ஸ்லோவேனியா நாட்டில் போஸ்தோய்னா என்ற பெரிய சுண்ணாம்புக்கல் குகை இருக்கிறது. 1831இல் அங்கே விளக்கேற்றும் வேலை பார்த்துவந்த லூகா செச் என்பவர் கையில் ஒரு வண்டு சிக்கியது. அதற்குக் கண்ணே இல்லை. காலும் உணர்கொம்பும் மெலிந்து நீண்டிருந்தன, முதுகு ஓடு மட்டும் உருண்டு உப்பியிருந்தது. அது ஹோஹென்வார்ட் பிரபுவிடம் போய், அவரிடமிருந்து பூச்சிகளில் தேர்ந்த ஃபெர்டினாண்ட் ஷ்மிட்டிடம் போனது. ஷ்மிட் 1832இல் அதை விவரித்து, லெப்டோடைரஸ் ஹோகென்வார்ட்டி என்று பெயரிட்டு அச்சேற்றினார். குகைவாசி என்று அறிவியல் பதிவு செய்த முதல் வண்டு அது. எடுத்தவர் ஒருவர், விவரித்தவர் இன்னொருவர், பெயரில் நிற்பவர் மூன்றாமவர் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

நம் தஞ்சைப் பக்கம் குகை கிடையாது. காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமி இது. ஆனால் உலகத்தின் உயிர்களுக்கு முறையாகப் பெயர் வைக்கத் தொடங்கிய காலத்தில், அந்த வேலைக்கு முக்கியமாக இருந்த ஊர்களில் ஒன்று இந்த டெல்டாவின் கடலோரத்தில்தான் இருக்கிறது. தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை அது டேனிஷ்காரர்களின் குடியிருப்பு. அந்தப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் நேரில் படித்த கேனிக் என்ற மருத்துவர் 1768இல் அங்கே வந்து இறங்கினார். பின்னால் ஜான் என்ற பாதிரியார், டால்டார்ஃப் என்ற ராணுவ அதிகாரி. இவர்கள் சேகரித்த செடியும் மீனும் பூச்சியும் கப்பலேறி கோபன்ஹேகனுக்கும் கீலுக்கும் பெர்லினுக்கும் போயின. கீல் நகரத்துப் பேராசிரியர் ஃபாப்ரீசியஸ் தன் வாழ்நாளில் ஏறக்குறைய பத்தாயிரம் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தவர். அவருடைய புத்தகங்களைப் புரட்டினால் ‘இருப்பிடம்: தரங்கம்பாடி’ என்ற குறிப்பு லத்தீனில் அடிக்கடி எதிர்ப்படும்.

இனி எல்லோரும் இடறும் இடத்துக்கு வருவோம். விரால் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். குளம் வற்றும்போது சேற்றில் கை விட்டுத் துழாவிப் பிடிக்கிற அதே விரால்தான். அதன் அறிவியல் பெயரைத் தேடினால் ‘சன்னா ஸ்ட்ரையாட்டா, பிளாக், 1793’ என்று இருக்கும். பிளாக் என்பவர் பெர்லினில் வைத்தியம் பார்த்துவந்த மருத்துவர். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஜான் பாதிரியார் தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய மீன்களை மேசையில் பரப்பி வைத்து, அளந்து, படம் வரையச் செய்து எழுதினார். அப்படியானால் விராலை 1793இல் ஒரு ஜெர்மன்காரர் ‘கண்டுபிடித்தாரா’? அதற்கு முன் எத்தனை தலைமுறை அதைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கும்!

கேள்வி நியாயமானது. செய்தித்தாளில் வரும் ‘புதிய இனம்’ என்ற சொல்தான் நம்மைத் தடுமாற வைக்கிறது. அந்த உயிர் பல லட்சம் ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறது. அந்த ஊர் மக்களுக்கு அதைப் பெரும்பாலும் தெரிந்தும் இருக்கும். பதிவேட்டில் ஏறாமல் இருந்தது, இப்போது ஏறியிருக்கிறது. புதிது என்பதன் பொருள் அவ்வளவுதான். ஏற்றுவதற்குச் செய்ய வேண்டிய வேலையில் பிடிப்பது மிகச் சிறிய பங்கு. இதற்கு முன் பெயர் பெற்ற அத்தனை நெருங்கிய உறவுகளோடும் ஒப்பிட்டு, இது அவற்றில் எதுவும் இல்லை என்று காட்டுவதுதான் பெரிய பங்கு. பல புதிய இனங்கள் அருங்காட்சியகப் பெட்டியில் பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகள் வேறு பெயருக்குக் கீழே கிடந்த பிறகு மேசையில் கண்டெடுக்கப்படுகின்றன. சேற்றில் கை விட்டவரின் அறிவு இதனால் சிறிதும் குறைந்துவிடாது. அது வேறு வகை அறிவு, என்னைக் கேட்டால் அதையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். பிடித்துக் கொடுத்த செம்படவர்களின் பெயர் பிளாக்கின் மீன் பெயர்களில் இல்லை. ஜான் பாதிரியாருக்கு மட்டும் ‘ஜானியஸ்’ என்று ஒரு மீன் பேரினமே கிடைத்தது.

ஒப்பிடும் வேலையில் சறுக்கினால் என்ன ஆகும்? பனையேறிக் கெண்டை அதற்கு நல்ல உதாரணம். 1791 நவம்பரில், குளத்தருகே நின்ற ஒரு பனையின் பட்டை இடுக்கிலிருந்து அந்த மீனைத் தானே எடுத்ததாக டால்டார்ஃப் எழுதினார். லண்டன் லின்னேயஸ் கழகத்தின் வெளியீட்டில் 1797இல் அது வந்தது. ஏறுகிற மீன் என்று பொருள்பட ‘பெர்க்கா ஸ்கேண்டென்ஸ்’ என்று பெயரும் வைத்தார். பொருத்தமான, அழகான பெயர். ஆனால் பிளாக் அதே இன மீனை 1792இலேயே ‘ஆந்தியாஸ் டெஸ்டூடினியஸ்’ என்று அச்சேற்றியிருந்தார். விலங்குகளுக்குப் பெயரிடுவதில் முந்தி அச்சானதுதான் செல்லும். அதனால் இன்று அது ‘அனபாஸ் டெஸ்டூடினியஸ்’. மீனைக் கையால் பிடித்து, அது நிலத்தில் எப்படி நகர்கிறது என்று கண்ணால் பார்த்து எழுதியவரின் பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

ஆந்தியாஸ் எப்படி அனபாஸ் ஆனது என்று கேட்பீர்கள். அறிவியல் பெயரில் இரண்டு சொல். முதல் சொல் பேரினம், அதாவது நெருங்கிய உறவுகளின் கூட்டம். இரண்டாவது சொல் இந்த இனத்துக்கே உரியது. உறவு பற்றிய நம் அறிவு மாறினால் உயிர் ஒரு கூட்டத்திலிருந்து இன்னொரு கூட்டத்துக்கு மாற்றப்படும். அப்போது முதல் சொல் மாறும், இரண்டாவது (சில சமயம் விகுதி மட்டும் மாறி) கூடவே போகும். விராலும் முதலில் ‘ஓபிசெபாலஸ் ஸ்ட்ரையாட்டஸ்’ ஆக இருந்ததுதான். விவரிப்பது ஒரு வேலை, வகைப்படுத்துவது இன்னொரு வேலை என்பது இங்கே தெளிவாகிறது. குகை வண்டுகளில் இந்த இரண்டாவது வேலை மிகவும் கடினம். இருட்டில் வாழும் வெவ்வேறு குடும்பத்து வண்டுகள் பலவும் கண்ணை இழந்து, நிறம் வெளுத்து, கால் நீண்டு ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. தோற்றத்தை நம்பி உறவு சொன்னால் தவறிப்போகும்.

அப்படியானால் பெயர் எதில் நிற்கிறது? விவரிக்கும் வார்த்தைகளில் நிற்கிறது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் வார்த்தையை ஆளுக்கு ஒரு விதமாகப் படிக்கலாம். அதனால் ஒவ்வொரு பெயரும் ஒரே ஒரு உடலோடு கட்டப்படுகிறது. அதற்கு மூல மாதிரி என்று பெயர். நம் ஊர் சர்வே கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். வயலின் நல்ல மண் இருக்கும் இடத்தில் யாரும் சர்வே கல் நடுவதில்லை. அது ஓரத்தில், புல் மண்டிய இடத்தில், மூளியாகக்கூட நிற்கும். வரப்பு வருஷத்துக்கு ஒரு சாண் நகரலாம், பங்காளிகள் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம், தகராறு முற்றினால் கல்லிலிருந்துதான் அளப்பார்கள். மூல மாதிரியும் அப்படித்தான். இனத்தின் சிறந்த பிரதிநிதியாக அது இருக்க வேண்டியதில்லை. கால் ஒடிந்திருக்கலாம், சாயம் போயிருக்கலாம். இந்தப் பெயர் எந்த இனத்துக்கு என்ற சந்தேகம் வந்தால் அந்த ஒரு உடலிடம் போய்க் கேட்க வேண்டும். ஃபாப்ரீசியஸ் காலத்தில் இப்படி ஒரு விதியே இல்லை. அதனால் பின்னால் வந்தவர்கள் பழைய சேகரிப்புப் பெட்டிகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்து மூல மாதிரியாக அறிவிக்க வேண்டிவந்தது. தரங்கம்பாடிப் பூச்சி ஒன்றின் பெயரில் இன்று சிக்கல் என்றால், தஞ்சாவூர்க்காரரும் கோபன்ஹேகன் போன்ற ஐரோப்பிய அருங்காட்சியகத்துக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும். அங்கிருந்து வரும் நுண்ணோக்கிப் படத்தை வைத்துத்தான் நம் வயலில் கிடைத்ததை முடிவு செய்ய வேண்டும். இது பெரிய குறை.

வீட்டில் இருப்பதையே இப்போது கிட்டப் போய்ப் பார்ப்போம். அரிசியில் வண்டு விழுந்துவிட்டால் முறத்தில் கொட்டி வெயிலில் வைப்போமே, அந்த வண்டு. மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். முன்னால் தும்பிக்கை நீண்டிருக்கும், கரும்பழுப்பு முதுகில் நான்கு செம்பழுப்புப் புள்ளிகள் தெரியும். தாய் வண்டு தும்பிக்கையால் அரிசியில் குழி துளைத்து, ஒரு முட்டை இட்டு, பசையால் வாயை மூடிவிடும். புழு அந்த ஒரு மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஓட்டை போட்டு வெளியே வரும். பிறந்து வளர்வதெல்லாம் இருட்டில்தான். லின்னேயஸ் 1763இல் இதற்குப் பெயர் வைத்தார், இன்று அது ‘சைட்டோஃபிலஸ் ஒரைசே’.

இவ்வளவு பழக்கமான வண்டை அறிவியல் இரு நூற்றாண்டு காலம் குழப்பிக்கொண்டே இருந்தது. பெரிதாக ஒரு வகை, சிறிதாக ஒரு வகை என்று தெரிந்தது. இரண்டும் ஒரே இனமா, வேறா? அளவை நம்ப முடியாது, ஏனென்றால் மக்காச்சோளம் போன்ற பெரிய மணிக்குள் வளர்ந்த வண்டு பெரிதாகத்தான் வரும். பெரிய வகைக்கு மோட்சுல்ஸ்கி 1855இல் ‘சீமேஸ்’ என்று பெயர் கொடுத்திருந்தும் பலர் அதை ஏற்கவில்லை. 1961இல் குஷெல் என்ற ஆய்வாளர் இரண்டும் தனித்தனி இனம் என்று தெளிவாக்கினார். பிரித்துக் காட்டிய அடையாளம் ஆண் வண்டின் வயிற்றுக்குள் இருக்கிறது. வண்டை வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய ஊசியால் புணர்ச்சி உறுப்பை வெளியே எடுத்து, காரக் கரைசலில் போட்டுச் சதையைக் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்தால் ஒரு சிறு குழல் தெரியும். அதன் மேல்புறம் வழுவழுப்பாக இருந்தால் ஒரைசே. நீளவாக்கில் இரண்டு வரிப்பள்ளம் ஓடினால் சீமேஸ். வண்டுகளைப் பிரிப்பவர்கள் பெரும்பாலும் இந்த உறுப்பைத்தான் பார்க்கிறார்கள். நிறமும் அளவும் தீனியோடு மாறும், இது அவ்வளவாக மாறாது.

இது வெறும் பெயர் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். நெல்லில் ஆனைக்கொம்பன் வந்தால் தூர் வெங்காயத்தாள் போலக் குழலாகிவிடும், கதிர் வராது. அதற்குக் காரணமான ஈக்கு உட்-மேசன் 1889இல் வைத்த பெயரிலும் இரண்டாம் சொல் ‘ஒரைசே’தான். ஆப்பிரிக்க வயல்களிலும் அதே நோவு இருந்ததால் அங்கே இருப்பதும் அதே ஈ என்று வெகுகாலம் எண்ணினார்கள். 1982இல் ஹாரிஸும் கான்யேயும் அது வேறு இனம் என்று பிரித்தார்கள். இங்கே ஈயைத் தாங்கிய நெல் ரகம் அங்கேயும் தாங்கும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

எங்கே எடுத்தது என்று பூச்சியோடு எழுதி வைக்கும் சீட்டு தவறினால் ஆகும் கதை ஒன்றும் தரங்கம்பாடிக்கு உண்டு. ஆற்று மணலில் விறுவிறுவென்று ஓடி இரை பிடிக்கும் புலி வண்டுகளில் ஒன்றுக்குப் பெர்லின் பாதிரியார் ஹெர்ப்ஸ்ட் 1806இல் ‘சிசிண்டெலா டிராங்க்விபாரிக்கா’ என்று பெயரிட்டார். தரங்கம்பாடியது என்று பொருள். அது வாழ்வதோ வட அமெரிக்காவில். இருப்பிடம் எங்கேயோ மாறிப்போயிருக்கிறது. பெயர் தவறு என்பதற்காக அதை மாற்ற விதி இடம் தராது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவலாகத் திரிகிற அந்த வண்டு இன்றும் நம் ஊர்ப் பெயரைத்தான் சுமக்கிறது.

அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்கள் பூச்சியைவிடச் சீட்டைப் பெரிதாக மதிக்கிறார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பூச்சியியல் துறையினர் பல ஆண்டுகளாக ஒட்டுண்ணிக் குளவிகளை ஆராய்கிறார்கள். அவற்றில் பல ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை, தத்துப்பூச்சி முட்டைக்குள் தம் முட்டையை இட்டு நெல்லைக் காப்பவை. இத்தகைய குளவிகளைப் பிடிக்க ஒரு மஞ்சள் தட்டு போதும். அதில் தண்ணீர், கொஞ்சம் உப்பு, ஓரிரு சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து வரப்பில் வைத்தால் பூ என்று எண்ணி வந்து விழும். நம் வயலில் இப்படி விழுவனவற்றில் பெயரில்லாதவை இன்னும் இருக்கும்.

நீங்களும் விநோதமாக ஏதாவது வண்டைப் பார்த்தால் சிறு குப்பியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி அதையும் உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். ஊர், வட்டம், மாவட்டம், தேதி, எடுத்தவர் பெயர் கட்டாயம் வேண்டும். ‘நெல் வயல்’ என்று மட்டும் எழுதினால் போதாது. குறுவையா சம்பாவா, நட்டு எத்தனை நாள், வண்டு தூரில் இருந்ததா, இலையில் இருந்ததா, வரப்பு வெடிப்பில் இருந்ததா என்பதையும் சேருங்கள். சிதம்பரத்துக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ, சென்னையில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்துக்கோ கொண்டுபோனால், அவர்கள் குப்பியைத் திறப்பதற்கு முன் அந்தச் சீட்டைத்தான் முதலில் படிப்பார்கள்.