‘டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்!’

ராத்திரி எட்டு மணி. வார்டில் ஒரே ஒரு நர்ஸ். போன் அடிக்கிறது. எடுத்தால் ஓர் ஆண் குரல். “நான் டாக்டர் ஸ்மித் பேசறேன்...”

இந்த ஸ்மித்தை நர்ஸ் பார்த்ததே இல்லை. குரலோ அதிகாரமாகத் தொடர்கிறது. “உங்க வார்டுல ஜோன்ஸ்னு ஒரு பேஷன்ட் இருக்காரில்ல? அவருக்கு ஆஸ்ட்ரோட்டன் இருபது மில்லிகிராம் கொடுத்துடுங்க. பத்து நிமிஷத்துல வந்து கையெழுத்துப் போட்டுடறேன்.”

மருந்து டப்பாவை எடுத்துப் பார்த்தால், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10 மில்லிகிராம்தான் என்று லேபிளில் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. போனில் சொல்வதைக் கேட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரி விதி வேறு.

நீங்கள் அந்த நர்ஸாக இருந்தால் என்ன செய்வீர்கள்? “கொடுக்கவே மாட்டேன்!” என்றுதானே சொல்வீர்கள்? அங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள்.

அமெரிக்க மனநல மருத்துவர் சார்லஸ் ஹோஃப்ளிங்கும் சகாக்களும் 1966-ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. முதலில் வேறு சில நர்ஸ்களிடம், ‘இப்படி ஒரு போன் வந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டார்கள். படிப்பை முடித்தவர்கள் 12 பேரில் 10 பேர் மாட்டோம் என்றார்கள். பயிற்சியில் இருந்த 21 பேரும் ஒருத்தர் பாக்கியில்லாமல் மாட்டவே மாட்டோம் என்றார்கள். அப்புறம்தான் நிஜ வார்டுகளுக்கு போன் போட்டார்கள். 22 நர்ஸ்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்! நல்லவேளை, டப்பாவில் இருந்தது வெறும் குளுகோஸ். கட்டிலுக்குப் போகும் முன்பே ஆராய்ச்சிக்காரர்கள் வந்து தடுத்துவிட்டார்கள்.

உடனே ‘இந்த நர்ஸ்களே இப்படித்தான்’ என்று கிளம்பிவிடாதீர்கள். 1977-ல் ரேங்க், ஜேக்கப்ஸன் என்று இருவர் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தார்கள். இந்தத் தடவை மருந்து, எல்லா நர்ஸுக்கும் தெரிந்த வேலியம். போன் செய்த டாக்டரும் தெரிந்தவர். முக்கியமாக, பக்கத்தில் இருக்கிற சக நர்ஸிடம் ‘ஏம்மா, இது சரியா?’ என்று கேட்டுக்கொள்ள வழி இருந்தது. விளைவு? 18 பேரில் இரண்டே பேர்தான் கொடுக்கத் தயாரானார்கள்.

எனக்கு முதல் ஆராய்ச்சியைவிட இந்த இரண்டாவதுதான் பெரிசாகப் படுகிறது. தைரியம் என்பது ஒருத்தர் பிறக்கும்போதே கொண்டுவருகிற சமாசாரம் மட்டுமில்லை. பக்கத்தில் யார் இருக்கிறார்கள், மேலே யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்தும் அது வரும், போகும்.

போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிஜ சோகம். 2005, இங்கிலாந்து. எலெய்ன் ப்ராமிலி என்ற 37 வயதுப் பெண்மணி, இரண்டு குழந்தைகளின் தாய், சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். சாதாரண ஆபரேஷன்தான். மயக்க மருந்து கொடுத்ததும் மூச்சுப் பாதை அடைத்துக்கொண்டது. மூன்று அனுபவசாலி டாக்டர்கள் வாய்வழியாகக் குழாய் செருகத் திரும்பத் திரும்ப முயன்றார்கள். நிமிஷங்கள் ஓடின. தொண்டையில் துளை போட்டால்தான் பிழைப்பார் என்பது அங்கிருந்த நர்ஸ்களுக்குப் புரிந்துவிட்டது. ஒரு நர்ஸ் அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து வைத்து, தயார் என்றும் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. அதற்கு மேல் அழுத்திச் சொல்ல அவர்களுக்கு வழி தெரியவில்லை. பதின்மூன்று நாள் கழித்து எலெய்ன் இறந்துபோனார்.

கணவர் மார்ட்டின் ப்ராமிலி ஒரு விமானி. விமானத் துறை இந்தப் பாடத்தை ரொம்பப் பெரிய விலை கொடுத்துப் படித்தது. 1977-ல் டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் பலியானார்கள். எதிரே இன்னொரு விமானம் இருக்கிறதோ என்று ஃப்ளைட் இன்ஜினீயர் சந்தேகம் கேட்டார். சீனியர் கேப்டன் அதைத் தள்ளிவிட்டுக் கிளம்பினார். அதற்குப் பிறகுதான் ‘ஜூனியர் பேச வேண்டும், கேப்டன் கேட்க வேண்டும்’ என்று இரு தரப்புக்கும் பயிற்சி வந்தது. மார்ட்டின் யார் மீதும் பழிபோடக் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கும் அந்தப் பயிற்சி வேண்டும் என்று 2007-ல் ஓர் அமைப்பே தொடங்கினார்.

சரி, பேசவைப்பது எப்படி? ஹார்வர்டில் ஏமி எட்மண்ட்ஸன் 1990-களின் ஆரம்பத்தில் ஆஸ்பத்திரிக் குழுக்களை ஆராய்ந்தார். நல்ல குழுவில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்பது அவர் கணக்கு. வந்த புள்ளிவிவரமோ தலைகீழ். நல்ல குழுக்களில்தான் தவறுகள் ஜாஸ்தி! குழம்பித் தோண்டிப் பார்த்தால் விஷயம் வேறு. அங்கே தவறுகள் அதிகமில்லை; அதிகமாக வெளியே சொன்னார்கள். திட்டுகிற தலைமை இருந்த வார்டில் பதிவேடு சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ‘பேசினால் தலை போகாது’ என்ற இந்த நம்பிக்கைக்கு ‘உளவியல் பாதுகாப்பு’ என்று பெயர். 1999-ல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு கம்பெனி மேனேஜர்களெல்லாம் இதை மந்திரம் மாதிரி உச்சரிக்கிறார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் இதற்கு ஒரு சின்ன வழி வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட 19 அம்சப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை வாய் திறந்தவர் மறுபடி திறக்கக் கூச்சப்பட மாட்டார், அவ்வளவுதான் தத்துவம். புதுடெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் பட்டியலைப் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 ஆனது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில், பட்டியலைப் புகுத்திய 101 ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொள்கிற மாதிரி மாற்றமில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. காகிதத்தில் டிக் அடிப்பது வேறு, மனசார ஒருத்தர் பேச்சைக் கேட்பது வேறு என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் சித்தி பெண் ஒருத்தி பதினெட்டு வருஷமாக நர்ஸ். இதையெல்லாம் அவளிடம் ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எல்லாம் சரிண்ணே. இதை எங்க பெரிய டாக்டர்கிட்ட யாரு போய் சொல்றது?”