ஓட்டோ கியர் காரின் சத்தம்: கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

காய்ச்சலோடு இருக்கும் பிள்ளையை டொக்டரிடம் கொண்டு போகிறீர்கள். எப்போது தொடங்கியது, இரவில் கூடுகிறதா, இருமல் உண்டா என்று அவர் கேட்பார். பதில் சொல்பவர் தாய்தான். பதில் சரியாக இருந்தால் மருந்தும் சரியாக அமையும். வீட்டுக் காரின் நிலையும் இதுவே. "கார் சத்தம் போடுகிறது" என்று மட்டும் கராஜில் சொன்னால், அங்கே ஊகம் தொடங்கிவிடும். ஊகத்துக்கு ஆகும் செலவு உங்கள் வீட்டுப் பணம்.

இதைப் பெண்களிடம் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். மலை வீதியில் ஓட்டுபவரின் கவனம் வளைவிலும், எதிரே வரும் பஸ்ஸிலும் இருக்கும். பக்கத்து ஆசனத்தில் இருப்பவருக்குத்தான் காது ஓய்வாக இருக்கும். சோறு வெந்ததைச் சத்தத்திலேயே அறியும் உங்களுக்கு இந்தக் கலை புதியதுமல்ல. தாமே ஓட்டும் சகோதரிகளுக்கு இது இன்னும் அவசியம்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அந்தக் கதவு திறந்தது 2025 இல்தான். இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் இருந்த கார்களே கைமாறி, கைமாறி ஓடின, விலையும் ஏறியது. நகையை வைத்தோ, லீசிங் போட்டோ ஒரு குடும்பம் வாங்கும் கார் இன்று பெரும்பாலும் பலர் ஓட்டிய காராகவே இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

சாதாரண காரில் கிளச் மிதியை நாம் மிதிக்கிறோம். பழைய கொரோலா போன்ற ஓட்டோ கியர் காரில் அந்த வேலையைச் செய்வது ஒயில். எஞ்சினின் சுழற்சியை ஒயிலின் வழியாகவே கியர்பொக்ஸ் வாங்கிக் கொள்கிறது. கியரை மாற்றுவதும் ஒயிலின் அழுத்தமே. ஒயில் குறைந்தாலும், கருகினாலும் முதலில் கெடுவது கியர்பொக்ஸ்தான்.

விட்ஸ், வெகன் ஆர் ஹைபிரிட் போன்றவற்றில் படிப்படியான கியர் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் உலோகப் பட்டி ஓடுகிறது. இதைத்தான் சீவீடீ என்கிறோம். ஏற்றத்தில் எஞ்சின் ஒரே சுருதியில் முழங்கிக் கொண்டு போவது அதன் இயல்பு; நோயல்ல. ஆனால் முழக்கம் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் பட்டி வழுக்குகிறது என்று பொருள். அப்போது காரை நிறுத்தி விடுங்கள்.

2013 இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா ஃபிட் ஹைபிரிட் இரட்டைக் கிளச் கொண்டது. அதன் கியர் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக அந்த நிறுவனமே ஒரு வருடத்துக்குள் கார்களைப் பல தடவை திரும்ப அழைத்தது. இப்படிப்பட்ட காரை வாங்கும்போது அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று கேட்பது நம் கடமை.

முதல் கேள்வி: நிற்கும்போதும் சத்தம் வருகிறதா?

நோர்வூட்டின் பனிக் காலையில் எஞ்சினைப் போட்டவுடன் "கீச்" என்று கத்தி, சற்றுச் சூடானதும் அடங்கினால், அது பெரும்பாலும் ஈரம்பட்ட அல்லது தளர்ந்த பெல்ட். தகரம் அதிர்வது போன்ற சத்தமாயின், புகைக்குழாயின் மேலுள்ள வெப்பத் தகடு கழன்றிருக்கலாம். இவை சிறு வேலைகள்.

'பீ' யிலும் 'என்' னிலும் நிற்கும்போதே ஊளையிடும் சத்தம் வந்து, அக்ஸிலேட்டரை அழுத்த அழுத்தக் கூடினால், கியர் ஒயிலின் அளவையும் வடிகட்டியையும் உடனே பார்க்க வேண்டும். ஒயில் போதாமல் பம்ப் திணறுவது இப்படித்தான் கேட்கும்.

இரண்டாவது: எஞ்சினோடு கூடுகிறதா, சக்கரத்தோடு கூடுகிறதா?

எல்லாவற்றிலும் பயனுள்ள கேள்வி இதுதான். ஓடும்போது மட்டும் "ம்ம்ம்" என்று கேட்கும் சத்தம், நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்கினால் வராவிட்டால், சக்கரங்களின் பக்கமும் கியர்பொக்ஸின் வெளிப்பகுதியும் தேட வேண்டிய இடங்கள். சக்கர பெயாரிங்கா என்று அறிய நம் வீதிகளே பரீட்சை வைக்கின்றன. வலப்பக்கம் வளையும்போது காரின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களில் விழும். அப்போது சத்தம் கூடினால் இடப்பக்க பெயாரிங்கைச் சந்தேகியுங்கள். மறுபக்கத்துக்கும் இதே கணக்கு. சமமில்லாமல் தேய்ந்த டயரும் இப்படி முழங்கும். ஆகவே டயர்களை இடம் மாற்றிப் பார்த்த பின்பே செலவு செய்யுங்கள்.

வெட்டிய மண்மேட்டின் ஓரமாக மெதுவாகப் போகும்போது இடப்பக்கக் கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். சக்கரத்தின் சத்தம் மேட்டில் பட்டுத் திரும்பித் தெளிவாக வரும்.

மூன்றாவது: கியர் விழும் கணத்திலா?

'பீ' யிலிருந்து 'ஆர்' அல்லது 'டீ' க்கு மாற்றும்போது "டங்" என்று உதைத்தால், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் தாங்கும் ரப்பர் மவுண்ட் உடைந்திருக்கலாம். இதற்குக் கியர்பொக்ஸைக் கழற்றத் தேவையில்லை.

மேட்டில் நிறுத்திய காரில் 'பீ' யை எடுக்கும்போது மட்டும் அந்தச் சத்தம் வந்தால், கோளாறு காரில் இல்லை; நிறுத்தும் முறையில் இருக்கிறது. 'பீ' யில் கியர்பொக்ஸுக்குள் ஒரு சிறு கொக்கிதான் பூட்டாக நிற்கிறது. சரிவில் முழுக் காரின் பாரத்தையும் அதில் தொங்கவிட்டால் கழலும்போது அது உதைக்காமல் என்ன செய்யும்? முறை இதுதான்: காலால் பிரேக்கை மிதியுங்கள், 'என்' னுக்கு மாற்றுங்கள், ஹேண்ட் பிரேக்கை இழுங்கள், காலை மெல்லத் தளர்த்திப் பாரம் ஹேண்ட் பிரேக்கில் நிற்கிறதா என்று பாருங்கள். மீண்டும் பிரேக்கை மிதித்து, அதன் பின்பே 'பீ'.

மணிக்கு 40 முதல் 60 கிலோமீற்றர் வேகத்தில், வரிவரியான தகரத்தின் மேல் ஓடுவது போல் கார் நடுங்கினால், கியர்பொக்ஸின் முன்னுள்ள டோர்க் கன்வேட்டரின் பூட்டு வழுக்கலாம். பழைய ஒயிலை மாற்றினாலே இது சில கார்களில் தீர்ந்து விடும்.

நான்காவது: திருப்பும்போதா, பிரேக் பிடிக்கும்போதா?

ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி நகரும்போது "டக், டக், டக்" என்றால் முன் சக்கரத்தின் சீவீ ஜொயின்ட். பிரேக் பிடிக்கும்போது "கிரீச்" என்றால் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். இரும்போடு இரும்பு உரசுவது போலிருந்தால் பேட் முடிந்தே விட்டது. அந்தக் காரில் ஹட்டனிலிருந்து வட்டவளை, கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

நல்ல காரிலும் இறக்கத்தில் 'எல்', '2' அல்லது 'பீ' என்ற ஆங்கில இரண்டாம் எழுத்துள்ள நிலை, எது உண்டோ அதைப் போட்டு எஞ்சினாலேயே வேகத்தை அடக்குங்கள். அப்போது எஞ்சின் உரத்துக் கேட்பது இயல்பு, பயப்பட வேண்டாம். பெற்றோலை மிச்சம் பிடிக்க 'என்' னில் போட்டு உருட்டுவது பெரும் தவறு. எஞ்சினின் பிடி விட்டுப் போகும். பிரேக் சூடேறித் தளரும்.

ஒயிலைப் பார்க்கும் விதம்

சமதரையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். சரிவில் பார்த்தால் அளவு பிழைக்கும். அளவுக் கம்பி உள்ள பல டொயோட்டாக்களில் சூடான நிலையில் எஞ்சின் ஓடும்போதும், ஹோண்டாக்களில் சூடான எஞ்சினை நிறுத்திய உடனேயும் பார்ப்பது வழக்கம். கம்பியே இல்லாத கார்களைக் கராஜில்தான் பார்க்க முடியும். கறுத்து, கருகிய மணம் வீசினால் உள்ளே தேய்மானம் நடக்கிறது. சீவீடீக்கு அதற்குரிய ஒயிலே வேண்டும். சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் முழுதையும் இழக்க நேரும்.

வாங்கும் நாளில்

காலையில் போய் முதலில் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டிருக்கிறார்கள். குளிரில் வரும் சத்தத்தை நீங்கள் கேட்க முடியாது. ரேடியோவையும் ஏசியையும் நிறுத்திவிட்டு ஏற்றம், இறக்கம், வளைவு மூன்றிலும் அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். சூடான பின்பே தலைகாட்டும் குறைகளும் உண்டு. ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் வாங்காதீர்கள்.

அறிந்த குறையை மறைத்து விற்பது ஆகாது. அப்படி வாங்கியவருக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு; ஃபிக்ஹில் இதைக் 'கியாருல் அய்ப்' என்பார்கள். ஆனால் கைமாறிய பின் குறை முன்பே இருந்தது என்று நிரூபிப்பது எளிதல்ல. ஆகவே வாங்குமுன் காது கொடுங்கள். உங்கள் காரை விற்கும் நாளில், அதன் சத்தத்தையும் வாயால் சொல்லி விலையைப் பேசுங்கள்.

காரினுள் ஒரு சிறு கொப்பியை வைத்துக் கொள்ளுங்கள். "குளிரில் இல்லை. அரை மணி நேரம் ஓடியபின் வருகிறது. 'டீ' யில் மட்டும். 40 இல் தொடங்கி 60 இல் மறைகிறது. வளைவில் மாற்றமில்லை." இந்த ஐந்து வரிகளைக் கையில் கொடுத்தால், நேர்மையான மெக்கானிக்குக் கியர்பொக்ஸைப் பிரிக்கு முன் ஒயிலைப் பார்க்கத் தோன்றும். நேர்மையில்லாதவருக்கு, இந்த வீட்டில் கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்பது தெரிந்து விடும்.