உஷார்! பொம்மைப் படம்தானே என்று போய்விடாதீர்கள்

ராயக்கோட்டையில் அக்கா வீட்டுத் திண்ணையில் இரண்டு கல்தூண்கள். நாலரை வயது அக்கா மகன் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. கொல்லைப்புறமாகச் சுற்றித்தான் வீட்டுக்குள் வந்தான். ராத்திரி கரண்ட் போனால் அலறல். கேட்டால், "தூணு உடையும் மாமா" என்றான். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அவனை ஓசூருக்குக் கூட்டிப்போய் 'மகாவதார் நரசிம்மா' காட்டியது நான்தான்.

2025 ஜூலை 25 அன்று வந்த அனிமேஷன் படம் அது. கேஜிஎஃப் எடுத்த ஹொம்பாலே நிறுவனம் வழங்கியது. கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் வந்தது. வீட்டுக்கு வீடு மூன்றும் பேசும் நம் எல்லைப் பக்கத்துக்கு வேறென்ன வேண்டும்? பொம்மைப் படம், அதிலும் சாமி படம் என்று கைக்குழந்தையோடு கிளம்பியவர்கள் உண்டு. படத்தை நான் குறை சொல்லவில்லை. இரணியன் கதை என்றால் தூண் பிளக்கும், வயிறு கிழியும். முடிவு தெரிந்தே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேனே, குறை அங்கேதான்.

"நாங்க பார்க்காத இரணியன் கூத்தா? எங்களுக்கு என்ன ஆச்சு?" என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் அம்மா பார்த்த கூத்தில், அரிதாரம் பூசும்போதே பிள்ளைகள் எட்டிப் பார்த்திருப்பார்கள். கர்ஜிக்கிறவர் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரியும். பயந்தால் பாட்டி முந்தானை, தூக்கம் வந்தால் பாய். தியேட்டரில் இதில் எது இருக்கிறது? கும்மிருட்டு. சத்தம் காதில் மட்டும் கேட்பதில்லை, நெஞ்சுக்குள் இடிக்கிறது. வாசல் எங்கே என்றே அந்த உயரத்துக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஜோஆன் கேன்டர் என்ற ஆராய்ச்சியாளர் குழந்தைகளின் சினிமா, டிவி பயத்தையே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். 'ஹல்க்' தொடரில் சின்னப் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது எது என்று பார்த்தார். சாது மனிதன் பச்சை ராட்சதனாக மாறும் அந்தக் கணம்தான். ஹல்க் நல்லவன், காப்பாற்ற வருகிறவன் என்பதெல்லாம் அந்த வயதில் எடுபடுவதில்லை. உருவம்தான் கண்ணில் நிற்கிறது. அப்படியென்றால் பாதி சிங்கம், பாதி மனிதனாகத் தூணிலிருந்து வருகிறவரை நாலு வயதுப் பிள்ளை எப்படிப் பார்க்கும்? பிரகலாதனைக் காக்க வந்த பெருமாள் என்று நமக்குத் தெரிகிறது. அதற்கு நகமும் பல்லும்தான் தெரிகிறது. ஹல்க் நடிகருக்கு மேக்கப் போடுவதைக் காட்டியபோது பிள்ளைகளின் பயம் குறைந்ததாகவும் அந்த ஆய்வுகள் சொல்கின்றன. அம்மாவின் கூத்துக் கொட்டகை ஞாபகம் வருகிறதா?

இது சாமி படத்தோடு நிற்கிற சங்கதி இல்லை. 'ஃபைண்டிங் நீமோ' ஆரம்பித்து நாலே நிமிடத்தில் தாய் மீன் காலி. 'லயன் கிங்'கில் அப்பா சிங்கம். 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வந்தது. 1937-ன் 'ஸ்னோ ஒயிட்' தொடங்கி 45 அனிமேஷன் படங்களை, பெரியவர்களுக்கான 90 படங்களோடு ஒப்பிட்டார்கள். முக்கியப் பாத்திரம் சாகும் வாய்ப்பு பொம்மைப் படங்களில்தான் சுமார் இரண்டரை மடங்கு அதிகம்!

2016 ஏப்ரலில் 'தி ஜங்கிள் புக்' வந்தபோது நம் தணிக்கை வாரியம் அதற்கு யு/ஏ கொடுத்தது. 3டியில் மிருகங்கள் மேலே பாய்வதுபோல் இருக்கிறது, பிள்ளைகள் பயப்படும் என்றார் அப்போதைய தலைவர் பஹ்லாஜ் நிஹலானி. நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். அவருடைய மற்ற வெட்டுகளை இன்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்; இந்த ஒன்றில் மட்டும் மனுஷன் சொன்னதில் விஷயம் இருந்திருக்கிறது.

இப்போது யு/ஏ-வையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 2023-ல் சட்டம் திருத்தி, 2024-ல் விதிகள் வந்தன. ஆனால் கவனியுங்கள்: ஏ சான்றிதழ் என்றால்தான் வாசலில் தடுக்க முடியும். யு/ஏ பெற்றோருக்கான எச்சரிக்கை மட்டுமே. உங்கள் மூன்று வயதுப் பிள்ளையை 13+ படத்துக்குத் தூக்கிப்போனால் யாரும் நிறுத்த மாட்டார்கள். நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான்.

சிப்காட் ஷிஃப்டுக்கு நடுவே கிடைப்பது ஒரு ஞாயிறு. ஓசூர் போக வர ஆகும் செலவு, நாலு டிக்கெட், பாப்கார்ன் எல்லாம் சேர்ந்து கையைக் கடிக்கும்தான். அதனாலேயே பிள்ளை அழுதாலும் "கண்ண மூடிக்கடா, அது பொய்டா" என்று உட்கார வைத்துவிடுகிறோம். பொய் என்ற சமாதானம் ஏழெட்டு வயதுக்கு மேல் பலிக்கலாம். நாலு வயதுக்கு அணைத்துக்கொள்வதும், ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதும்தான் பலிக்கும். பயந்ததற்குக் கேலி வேண்டவே வேண்டாம்.

முடிந்தால் முதலில் நீங்கள் பாருங்கள். முடியாவிட்டால் டிரெய்லரையாவது பிள்ளையோடு சேர்ந்து பகலில், சின்னத் திரையில் பாருங்கள், முகம் சொல்லிவிடும். தியேட்டரில் ஓரத்து சீட்டாகக் கேட்டு வாங்குங்கள். "வெளியே போலாம்" என்று பிள்ளை சொன்னால், இடைவேளைக்குக் காத்திருக்காமல் எழுந்துவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.